நாலு களத்துக்கு ஒரு மழைப் பட்டன்

எங்கள் தொழிலில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்றால் வெளியில் பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காது. அதனால் நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதாகத்தான் ஊர் நினைக்கும்.

போனில் பாதிப் பேச்சில் லைன் அறுந்துபோய், அது தெரியாமல் நீங்கள் பாட்டுக்குத் தனியாகப் பேசிக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்த அசட்டுத்தனம் கம்ப்யூட்டர்களுக்கு நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. வெப்சாக்கெட் என்று அதற்குப் பெயர். சாதாரண இணையதளம் கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டால் வாயைத் திறக்காது. நாங்கள் கட்டுவதில் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே ஒரு இணைப்பு திறந்தே கிடக்கும். அந்தப் பக்கம் ஏதாவது நடந்தால், கேட்காமலே இந்தப் பக்கம் வந்து விழும்.

பெங்களூரில் இதைச் செய்கிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். கோவில்பட்டியில் எனக்குத் தெரிந்து நானும் கதிரேசனும்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் அறை. இதே தொழிலில் அவதிப்படுகிற உங்களுக்காகச் சிலவற்றை எழுதி வைக்கிறேன். தொழிலில் இல்லாதவர்களும் படிக்கலாம், நல்லவேளை நாம் இதில் இல்லை என்று ஆறுதலாக இருக்கும்.

வைக்காத போன்

எங்களுடைய முதல் வாடிக்கையாளர் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. ஊரே அண்ணாச்சி என்பதால் எங்களுக்கும் அவர் அண்ணாச்சி. மருந்து தோய்ப்பதற்கு முன்னால் வெள்ளைக் குச்சியை வெயிலில் காயப்போட அவருக்கு நாலு களங்கள். கிழக்கே கடல் பக்கம் எப்போதும்வென்றானில் ஒன்று, அதைத் தாண்டி மேற்கே எட்டயபுரத்தில் ஒன்று, இடைசெவலில் ஒன்று, கோவில்பட்டியில் ஆபீஸுக்குப் பின்னாலேயே ஒன்று. குச்சி நனைந்தால் கறுத்துப்போகும், கறுத்த குச்சி அடுப்பெரிக்கத்தான் ஆகும். எங்கள் பக்கத்து மழையோ ஒரு ஊரில் கொட்டும்போது அடுத்த ஊரில் புழுதி பறக்க விடும். ஒரு களத்தில் தூறல் விழுந்ததும் அண்ணாச்சி மற்ற களங்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டு, ஒருத்தர் எடுக்காமல், இன்னொருத்தர் நலம் விசாரித்து, பேசி முடிப்பதற்குள் மழை அவரை முந்திக்கொண்டு போய்விடும்.

நாங்கள் சொன்ன யோசனை இதுதான். களத்துக்குப் பொறுப்பானவர்கள் தங்கள் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியது. மழை விழுந்ததும் அதிலிருக்கிற பட்டனை அமுக்கினால் அந்த நொடியே மற்ற மூன்று போனும் கத்தும், ஆபீஸ் வாசலில் சைரனும் ஊதும். அண்ணாச்சி சம்மதித்தார். கூடவே இன்னொன்றும் சொன்னார். எப்போதும்வென்றான் களத்தில்தான் குச்சி அதிகமாகப் பாழாகிறது, கார்த்திகை முடிகிற வரைக்கும் பார்ப்பார், அப்புறமும் அப்படியே இருந்தால் பூட்டிவிடுவார். அங்கே செல்வி என்கிறவர் பொறுப்பு. அவருக்குக் கீழே கொஞ்சம் பெண்கள், எல்லோரும் நடந்து வேலைக்கு வருகிற தூரத்தில் இருப்பவர்கள். களத்தைப் பூட்டினால் அவர்கள் விடிவதற்கு முன்னால் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். இதைக் கேட்ட பிறகு அந்தப் பட்டன் எனக்கு வெறும் பட்டனாக இல்லை.

இணைப்பு எப்போதும் திறந்தே இருக்கும் என்றதும் அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்தது. மழை இல்லாத நாளில் ரெண்டும் நாள் பூராவும் என்ன பேசும் என்று கேட்டார். சர்வர் அவ்வப்போது 'இருக்கியா' என்று கேட்கும், போன் 'இருக்கேன்' என்று சொல்லும், பதில் வராவிட்டால் இணைப்பு செத்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம், மற்றபடி வேறு பேச்சே கிடையாது என்றேன். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டுலயும் ரொம்ப வருசமா அவ்வளவுதாம்மா பேச்சு."

பச்சைப் பொட்டு

பக்கத்தின் மேல்மூலையில் ஒரு சின்னப் பொட்டு வைத்தோம். பச்சை என்றால் இணைப்பு இருக்கிறது, சிவப்பு என்றால் அறுந்துவிட்டது. இடைசெவல் களத்துக்குப் பொறுப்பு மாடசாமி. அவர் வீட்டில் ஆடும் உண்டு, கொஞ்சம் நிலமும் உண்டு, போனை மட்டும் சட்டைப் பைக்குள் போட்டால் மறந்துவிடுவார். பைக்குள் போன போன் தூங்கிவிடும், தூங்கின போனில் இணைப்பு செத்துவிடும். வெளியே எடுத்துப் பார்த்தால் பொட்டு பச்சையாகவே சிரிக்கும். முதலில் நாங்கள் எழுதியது அப்படி. ஒருமுறை இணைந்ததும் பச்சை போடும், பிறகு திரும்பிப் பார்க்காது. கதிரேசன் அதைத் திருத்தினான். 'இருக்கேன்' என்ற பதில் வருவது நின்றால் பொட்டு தானே சிவப்பாகும்படி செய்தான்.

அன்றிலிருந்து மாடசாமிக்கு நிம்மதி போயிற்று. களத்தில் டவர் கிடைப்பது ஒரு மாதிரி. பொட்டு சிவந்ததும் அவர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்மாய்க் கரை வரை நடப்பார், பச்சையானதும் திரும்பி வருவார், வந்ததும் சிவக்கும். கடைசியில் எனக்குப் போன் போட்டு ஒரு கோரிக்கை வைத்தார். இதே கோரிக்கையைப் பெரிய கம்பெனிகளில் மேனேஜர்கள் என்னிடம் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள், ஆனால் இவ்வளவு நேர்மையாக யாரும் வைத்ததில்லை: "செவப்பக் கண்டா பகீர்னு இருக்கு தாயி. உள்ள என்னமும் இருந்துட்டுப் போவட்டும், வெளிய பச்சையாவே போட்டு விட்டுருங்க."

வெயிலில் வந்த மழை

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் சைரன் ஊதியது. நாலு களத்திலும் பெண்கள் விழுந்தடித்துக்கொண்டு தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். அண்ணாச்சி ஆபீஸ் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. வெயில் மண்டையைப் பிளந்தது.

எங்களுக்குத் தொழில் புத்தி. இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டும்போது பழைய செய்தி ஒன்று புதிதுபோல் இரண்டாம் முறை போய்விடுவதுண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பார்த்துத் தலையில் கைவைத்திருப்பீர்கள். அதுதான் என்று முடிவுகட்டி கதிரேசன் சாப்பிடக்கூடப் போகாமல் வரிவரியாகத் தேடினான். நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சாயந்தரம் வரை ஒன்றும் சிக்கவில்லை. செய்தி இடைசெவலிலிருந்து ஒரே முறைதான் வந்திருந்தது, புதிதாகத்தான் வந்திருந்தது.

மாடசாமிக்குப் போன் போட்டேன். மழையா பெய்தது என்றேன். இல்லை என்றார். பின்னே கைபட்டுவிட்டதா என்றேன். அதுவும் இல்லை என்றார். அவர் மழையை நம்பிப் புழுதியிலேயே உளுந்து விதைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. நாலு களத்து வேலையைக் கெடுத்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அவர் குரல் அப்படி இருந்தது: "வெதச்சுப் போட்டது அப்படியே கெடக்கு தாயி, எறும்பு இழுக்குது. ஒருவேள அமுக்குனா வந்துருமோன்னு பாத்தேன்."

ஜன்னல் வழியாகத் துண்டு

அதற்குப் பிறகு பட்டனை அமுக்கினால் 'மழை விழுந்துவிட்டதா?' என்று ஒரு கேள்வி வரும்படி வைத்தோம். விழுந்துவிட்டது என்று இன்னொரு முறை அமுக்கினால்தான் செய்தி போகும். கரிசல் காட்டில் மழைப் பட்டன் வைக்கிறவர்கள் இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். நாங்கள் தீயணைப்பு மணிபோல் நினைத்துக்கொண்டோம். யாரும் ஆசைப்பட்டுத் தீயணைப்பு மணியை அடிக்கமாட்டார்கள்.

ஐப்பசியில் கடல் பக்கமிருந்து நிஜ மழை வந்தது. பட்டன் நன்றாக வேலை செய்தது. எப்போதும்வென்றானில் செல்வி அமுக்கினால், எட்டயபுரத்தில் மூடிவிட்டு ஒரு டீ குடிக்கவும் நேரம் இருந்தது. கோவில்பட்டியிலும் இடைசெவலிலும் அதைவிட நிதானம். விஷயம் பரவி, வத்தல் காயப்போடுகிறவர்கள், செங்கல் அறுக்கிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள் என்று ஆளாளுக்கு லிங்க் கேட்டார்கள். அமுக்குகிற உரிமை களத்துக்காரர்களுக்கு மட்டும், கேட்கிற உரிமை எல்லோருக்கும் என்று திறந்துவிட்டோம். வாட்ஸ்அப்பில் லிங்க் எங்கெங்கோ போயிற்று.

ஒரு மத்தியானம் டவர் படுத்துவிட்டது. அது எழுந்து நின்றதும் அத்தனை போன்களும் ஒரே நொடியில் எங்கள் சர்வர் கதவைத் தட்டின. எங்களுடையது சின்ன சர்வர், நெரிசலில் விழுந்தது. நாங்கள் எழுப்பியதும் மறுபடி அத்தனையும் சேர்ந்து தட்டின, மறுபடி விழுந்தது. நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். கதிரேசன் ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். தூத்துக்குடி பஸ் வந்து நிற்பதற்குள் அதன் ஜன்னல்களில் துண்டும் பையும் விழுந்துகொண்டிருந்தன. வந்து உட்கார்ந்தான், ஒவ்வொரு போனும் தன்பாட்டுக்கு ஏதோ ஒரு கணக்கில் சில நொடிகள் தாமதித்து வரும்படி மாற்றி எழுதினான். சர்வர் எழுந்து நின்றது. அவன் சோம்பல் முறித்துக்கொண்டு சொன்னான்: "துண்டு போடுத எல்லாரையும் கொஞ்சம் பராக்குப் பாக்க வச்சுட்டேங்க்கா, இப்ப எல்லாருக்கும் எடம் இருக்கு."

முதலில் பட்டன்

எல்லாம் நன்றாகப் போனது, ஒரு களத்தைத் தவிர. எப்போதும்வென்றானில் மட்டும் குச்சி நனைந்துகொண்டே இருந்தது. அங்கே பட்டனில் ஏதும் கோளாறா என்று பார்த்து வர நானே பஸ் ஏறினேன். முந்தின நாள் மழையில் மண் குழைந்துகிடந்தது. களத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் என் செருப்பு இரண்டும் ஆளுக்கொரு படி மண்ணைச் சுமந்துகொண்டு வந்தன. செல்வி சிரித்துக்கொண்டே ஒரு குச்சியை எடுத்துக் கொடுத்து, சுரண்டிவிட்டு உட்காரச் சொன்னார். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பொட்டு பச்சை. பட்டனில் ஒரு கோளாறும் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே கிழக்கே இருட்டி, முதல் துளி என் கைமேல் விழுந்தது. செல்வி எழுந்தார். தார்ப்பாயிடம் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே போனை எடுத்து அமுக்கினார், நாங்கள் வைத்த கேள்வி வந்தது, அதற்கும் அமுக்கினார், போய்விட்டதா என்று பார்த்தார், அப்புறம்தான் மற்றவர்களோடு ஓடினார். நானும் ஓடினேன். தார்ப்பாய் பழையது, மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. பாதிக் களம் மூடுவதற்குள் மழை எங்களைப் பிடித்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை.

கொட்டகை ஓரத்தில் ஒதுங்கி நின்றபோது செல்வியிடம் கேட்டேன், முதலில் குச்சியை மூடிவிட்டு அப்புறம் அமுக்கினால் என்ன என்று. கார்த்திகைக்கு அப்புறம் அண்ணாச்சி என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கும் தெரியும். சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "எங்களுக்கு முன்னால யாருக்கா இருக்கா, கடல்தான் இருக்கு. கடலா வந்து பட்டன அமுக்கும்? நாங்க எப்படியும் நனையத்தான் போறோம், அவியளாவது மூடட்டும்."

எல்லாம் பச்சை

திரும்பி வந்து இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான். குச்சி காயாத களம் எதற்கு என்கிற முகம் மாறவில்லை. கார்த்திகையில் செல்வியின் களத்தில் வேலை பார்க்கிற ஒரு அம்மாவின் மகளுக்குச் சங்கரன்கோவிலில் கல்யாணம். எல்லோரும் போக வேண்டும் என்று செல்வி லீவு கேட்டார். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. அந்தக் களத்தில் என்ன காய்ந்து குமியப் போகிறது, போய்விட்டு வாருங்கள் என்றார். வந்ததும் தன்னை வந்து பார்க்கும்படியும் சொல்லியனுப்பினார். களத்தைப் பூட்டத்தானா என்று செல்வி எனக்குப் போன் போட்டுக் கேட்டார். அதற்குத்தான் என்று எனக்குத் தெரியும், ஆனால் முதலில் கல்யாணத்தைப் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று மத்தியானம், ஆளில்லாத எப்போதும்வென்றானைத் தாண்டி வந்த மழை எட்டயபுரத்தில் திடுதிப்பென்று கொட்டியது. அங்கே களத்துக்காரர் பட்டனை அமுக்காமல் தார்ப்பாயைத் தேடி ஓடிவிட்டார். இத்தனை நாளும் அவருக்கு முன்னால் யாராவது அமுக்கியிருப்பார்கள், அமுக்க வேண்டியது தன் வேலை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மழை அங்கிருந்து கோவில்பட்டிக்கு வந்தது, இடைசெவலுக்கும் போயிற்று. சைரன் வாயைத் திறக்கவில்லை. மூன்று களமும் தெப்பமாக நனைந்தன.

கொஞ்ச நேரத்தில் மாடிப்படியில் அண்ணாச்சி ஏறி வருகிற சத்தம் கேட்டது. வேட்டியில் தண்ணீர் சொட்டியது. "என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க? உங்க கம்பி அறுந்துட்டு" என்றார். இல்லாத கம்பி எப்படி அறும். கதிரேசன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான். நாலு பொட்டும் பச்சை. சர்வர் 'இருக்கியா' என்று கேட்டிருந்தது, நாலு போனும் 'இருக்கேன்' என்று சொல்லியிருந்தன. செல்வியின் போனும் ஒழுங்காகச் சொல்லியிருந்தது, சங்கரன்கோவில் கல்யாண மண்டபத்திலிருந்து.

"செல்வி எங்க இருக்கா?"

"கல்யாணத்துல. நீங்கதான அண்ணாச்சி லீவு குடுத்தீங்க."

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இம்புட்டு நாளும் அவ நனைஞ்சுக்கிட்டுத்தான் எங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா" என்றார். எங்களிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை. பிறகு தன் போனை எடுத்து, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, செல்விக்குப் போட்டார். மேளச் சத்தத்துக்கு நடுவே செல்வி எடுத்தார்.

"ஏட்டி செல்வி, இங்கன மூணு களமும் நனைஞ்சு போச்சு."

"ஐயோ, அங்க மழையா அண்ணாச்சி? நாங்க ஒருத்தருமே அங்கன இல்லியே."

"அதத்தாண்டி சொல்லுதேன். வந்ததும் பாக்கணும்னு சொல்லிவிட்டேன்லா, அத விட்டுரு. களத்தப் பூட்டல. அங்கன குச்சி காயுதோ காயலியோ, நீங்க இருக்கணும். நல்லதா ஒரு ஷெட்டு போட்டுத் தாரேன், டப்பி ஒட்டுத வேலையையும் அங்கனயே குடுத்துருதேன். குச்சி இங்கன காயட்டும்."

அந்தப் பக்கம் பதில் இல்லை. நாதஸ்வரம் மட்டும் கேட்டது. அண்ணாச்சி போனைக் காதருகே கொண்டுபோனார், திருப்பிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நானும் கதிரேசனும் தொழில் பழக்கத்தில் செல்வியின் பொட்டைப் பார்த்தோம். பச்சையாகத்தான் இருந்தது. அண்ணாச்சி போனுக்குள் மெதுவாகக் கேட்டார், "இருக்கியாட்டி?"

கொஞ்சம் பொறுத்து செல்வியின் குரல் வந்தது.

"இருக்கேன் அண்ணாச்சி."

ஆகவே, இந்தத் தொழிலில் அவதிப்படுகிற அன்பர்களே, எல்லாப் பொட்டும் பச்சையாக இருக்கிறதென்றால் எதற்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், யாராவது கல்யாணத்துக்குப் போயிருக்கலாம்.